உயிரணுவின் பேரேடு

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நியூக்ளியஸ் என்று படிப்பதைத்தான் தமிழில் உட்கரு என்கிறோம். பெயரை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. அது செய்யும் வேலை என்ன, நம் குடும்பத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதும் தெரிய வேண்டும். கல்யாணம் பேசும் வீடுகளில் கட்டாயம் தெரிய வேண்டும்.

1831-ஆம் ஆண்டு ராபர்ட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலர், ஆர்க்கிட் செடியின் மேல்தோலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது கண்ட வட்டப் புள்ளிக்கு இப்பெயரை இட்டார். லத்தீனில் அதற்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். புல், மரம் ஆகிய ஓரறிவுயிர் முதல் மனிதன் வரை எல்லாருடைய உயிரணுக்களிலும் உட்கரு உண்டு. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களுக்குத்தான் கிடையாது.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஐந்து முதல் பத்துப் பங்கு வரைதான் இதன் அகலம். சுற்றிலும் இரண்டடுக்குச் சவ்வு. அந்தச் சவ்வில் ஆயிரக்கணக்கான துளைகள். சின்னச் சின்னப் பொருள்கள் தாமாகவே போய்வரும். பெரிய புரதங்கள் உள்ளே வர அடையாளச் சீட்டுப் போன்ற ஒரு குறி வேண்டும்.

உள்ளே இருப்பது டி.என்.ஏ. என்னும் இழை. மனித உயிரணு ஒன்றில் அது 46 குரோமோசோம்களாக இருக்கிறது. எல்லாவற்றையும் நீட்டி ஒட்டினால் சுமார் 2 மீட்டர் வரும்! இவ்வளவு நீள இழை அந்தச் சிறு அறைக்குள் அடங்குவது எப்படி? ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு எட்டாகச் சேர்ந்து நூல்கண்டின் கட்டை போல நிற்கின்றன. இழை அவற்றின்மேல் சுற்றிக்கொள்கிறது.

வேலை நடக்கும் விதத்தை ஒரு கடையை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். முதலாளி பேரேட்டை உள்ளறையிலேயே வைத்திருப்பார். வெளியே போவது துண்டுச்சீட்டு மட்டும். அதுபோல டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்ற சீட்டாக நகலெடுக்கப்பட்டுத் துளை வழியே வெளியேறும். ரைபோசோம்கள் அதைப் படித்துப் புரதம் செய்யும். இந்த ரைபோசோமின் பாகங்கள் உருவாவதும் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் என்ற இடத்தில்தான். ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காகச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-இல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார் என்பது நமக்கெல்லாம் பெருமை.

கல்லீரலுக்கும் கண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே பேரேடுதான். எந்த உறுப்பு எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறது என்பதில்தான் வித்தியாசம். முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை. பேரேடு இல்லாததால் புதுப் புரதம் செய்து தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாமல் சுமார் 120 நாளில் அதன் ஆயுள் முடிகிறது.

இனி நம் வீட்டு விஷயம். பேரேட்டின் பெரும்பாலான கணக்குகள் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு பிரதிகளாக உள்ளன. 11-ஆம் குரோமோசோமில் ஹீமோகுளோபின் செய்வதற்கான மரபணு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பிரதி பழுதானால் மற்றது சமாளித்துவிடும். ஆள் நன்றாகவே நடமாடுவார். இரண்டுமே பழுதானால் தலசீமியா என்ற கடும் இரத்தசோகை வரும். அந்தக் குழந்தைக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டும். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது என்று கணக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் கணக்கு புதுசாகத்தான் தொடங்கும்.

மாமன் பெண், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிப்பது நம் வழக்கம். எங்கள் தமிழ்ச் சமணர் போன்ற சிறு சமூகங்களில் வரன் கிடைப்பதே அரிது. இப்படிப்பட்டவர்களின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு பொதுவானவை. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் நாலில் ஒரு பங்கு. ஒரே தாத்தாவின் பழுது இரு வழியிலும் வந்து குழந்தையிடம் சந்திக்கலாம். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள், பயம் வேண்டாம். ஆனால் வெளியில் சம்பந்தம் செய்தாலும் ஆபத்தே இல்லை என்று இருந்துவிட முடியாது. சிந்தி, பஞ்சாபிக் குடும்பங்களில் தலசீமியாப் பழுது அதிகம் காணப்படுகிறது.

எனவே ஜாதகம் பார்க்கும்போதே ஹீமோகுளோபின் ஏ2 அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையையும் இரு தரப்பும் செய்துகொள்வது நல்லது. இருவரிடமும் பழுது இருந்தால், கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே குழந்தையைச் சோதித்தறிய வழி உண்டு. மரபியல் மருத்துவர் விவரம் சொல்வார்.

குழந்தைக்கு நோய் என்றதும் "இவள் வந்த வேளை" என்று மருமகளைச் சொல்லும் பேச்சு நம் வீடுகளில் இன்னும் நிற்கவில்லை. உட்கருவின் பேரேட்டைப் பாருங்கள். அந்த வரவில் ஒரு பாதி அம்மாவுடையது, மறுபாதி அப்பாவுடையது. குற்றம் ஒருவருடையதும் அன்று. தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பு மட்டும் இருவருக்கும் உண்டு.