பலசாலி ஜெயிக்காத பந்தயம்

1989-ல் இரண்டு கையடக்க வீடியோ கேம் கருவிகள் சந்தைக்கு வந்தன. அமெரிக்காவின் அட்டாரி வெளியிட்ட லிங்க்ஸுக்கு வண்ணத் திரை, அதற்குப் பின்னால் வெளிச்சம், அந்தக் காலத்துக்கு அசத்தலான வேகம். ஜப்பானின் நின்டெண்டோ வெளியிட்ட கேம் பாயிலோ பச்சை படிந்த திரையில் நான்கே நான்கு சாயல்கள். திரைக்கு வெளிச்சமே கிடையாது. விளக்கடியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் லிங்க்ஸ்தான் உசத்தியாகத் தெரியும்.

நடந்தது வேறு. கேம் பாயும் அதன் வண்ண வாரிசான கேம் பாய் கலரும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. லிங்க்ஸ் அதன் கிட்டேகூட வரவில்லை.

வீடியோ கேம் கன்சோல்களின் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். இப்போது நடப்பது ஒன்பதாம் தலைமுறை. 8 பிட், 16 பிட், 64 பிட் என்று சிப்பின் பலத்தை வைத்தே நெடுங்காலம் கணக்குச் சொன்னார்கள். அரை நூற்றாண்டைத் திரும்பிப் பார்த்தால், பலசாலிக் கருவி தோற்று, ஆடுகிறவரைப் புரிந்துகொண்ட கருவி ஜெயித்த கதைதான் மறுபடி மறுபடி வருகிறது.

டிவியில் ஒட்டிய தாள்

முதல் வீட்டு கன்சோல், 1972-ல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸி. நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்த ரால்ஃப் பேர் என்ற பொறியாளரின் கண்டுபிடிப்பு அது. அதில் பிராசஸரே இல்லை. திரையில் சில வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் தெரியும். சத்தம் வராது, ஸ்கோரையும் ஆடுகிறவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். மைதானம் வேண்டுமென்றால், வண்ணம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை டிவி கண்ணாடி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். டிவியின் அளவுக்கேற்ப இரண்டு அளவுகளில் அந்தத் தாள்களைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்தார்கள். கூடவே தாயக்கட்டை, சீட்டு, காகிதப் பணம். கருவியால் முடியாததை எல்லாம் ஆடுகிறவரின் கற்பனை நிரப்பியது.

1976-ல் வந்த ஃபேர்சைல்டு சேனல் எஃப் அடுத்த கதவைத் திறந்தது. ஜெர்ரி லாசன் என்ற கறுப்பினப் பொறியாளர் தலைமையிலான குழு, விளையாட்டைத் தனியே கழற்றி மாட்டும் கார்ட்ரிட்ஜில் அடைத்தது. ஒரு கருவியை வாங்கினால் எத்தனை விளையாட்டை வேண்டுமானாலும் ஆடலாம் என்ற வசதி அதிலிருந்து வந்ததுதான். மறுவருடம் வந்த அட்டாரி 2600 அதை வீடு வீடாகக் கொண்டுபோனது. அதன் நினைவகம் வெறும் 128 பைட். ஒரு முழு எஸ்எம்எஸ்கூட அதில் அடங்காது. அதற்குள்தான் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஓடியது.

பிறகு வந்தது பேராசை. தரம் பார்க்காமல் விளையாட்டுகள் குவிந்தன. ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்தை ஒட்டிய விளையாட்டைக் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஏறக்குறைய ஐந்தே வாரத்தில் செய்து முடித்தார்கள். 1983-ல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. விற்காத சரக்கை அட்டாரி நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்தது. 2014-ல் தோண்டியபோது அந்தக் கார்ட்ரிட்ஜுகள் வெளியே வந்தன.

நம் ஊருக்கு வந்த ‘டிவி கேம்’

அமெரிக்கா சரிந்த அதே 1983 ஜூலையில், மசாயுகி உஎமுரா வடிவமைத்த ஃபேமிகாமை ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்டது. இரண்டு வருடம் கழித்து அது என்இஎஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போய், செத்துக் கிடந்த சந்தையை எழுப்பியது. அதே வருடம் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டும் வந்தது.

90-களில் தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கும் இந்தக் கருவி தெரியும். ஆனால் நின்டெண்டோ என்ற பெயர் பலருக்குத் தெரியாது. நம் கடைகளுக்கு வந்தவை பெரும்பாலும் ஃபேமிகாமின் மலிவு நகல்கள். ‘டிவி கேம்’ என்று கேட்டு வாங்கினோம். ‘9999 இன் 1’ என்று அச்சிட்ட கேசட்டில் திரும்பத் திரும்ப வந்தவை ஒரு கைப்பிடி விளையாட்டுகள்தான். மாரியோவும் கான்ட்ராவும் தமிழ்ப் பிள்ளைகளின் வாய்க்கு வந்த வழி அது. பணக்கார நாடுகளில் 16 பிட் வந்த பிறகும், விலை கட்டுப்படியான 8 பிட்தான் இங்கே பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்தது.

யோகோயின் கணக்கு

கேம் பாய்க்குப் பின்னால் இருந்தவர் கும்பெய் யோகோய். 1965-ல் நின்டெண்டோ சீட்டுக்கட்டுத் தொழிற்சாலையாக இருந்தபோது, இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். புல்லட் ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்டு அவருக்கு யோசனை பிறந்தது என்பார்கள். கால்குலேட்டர் நிறுவனங்களின் போட்டியால் எல்சிடி திரை அப்போது அடிமாட்டு விலைக்கு இறங்கியிருந்தது. அந்தத் திரையை வைத்து 1980-ல் கேம் அண்ட் வாட்ச் என்ற சட்டைப்பை விளையாட்டைச் செய்தார். புத்தம்புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே. மலிந்துபோன, நன்றாகக் கைபழகிய ஒன்றை எடுத்து யாரும் யோசிக்காத விதத்தில் பயன்படுத்து என்பது அவர் கொள்கை.

1982-ல் டாங்கி காங் கையடக்க விளையாட்டுக்காக அவர் செய்த சிலுவை வடிவப் பொத்தானைப் பாருங்கள். மேல், கீழ், இடம், வலம் என நான்கு பொத்தான்கள் போலத் தெரிந்தாலும் அது ஒரே துண்டு. நடுவில் ஊன்றி நிற்கிறது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும். கட்டைவிரலை எடுக்காமல், குனிந்து பார்க்காமல் திசை மாற்றலாம். இன்றைய கன்ட்ரோலர்களிலும் அந்தச் சிலுவை இருக்கிறது.

கேம் பாயிலும் இதே கணக்குதான். லிங்க்ஸின் வண்ணத் திரையும் விளக்கும் ஆறு டபுள் ஏ பேட்டரிகளை நான்கைந்து மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். 1990-ல் செகா வெளியிட்ட கேம் கியரும் அப்படியே. கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போதும், பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். லிங்க்ஸ் ஏறக்குறைய 180 டாலர், கேம் பாய் 90 டாலர். மாதாமாதம் பேட்டரி வாங்கிக் கொடுக்கப்போவது பெற்றோர்தானே.

அமெரிக்காவில் கேம் பாயுடன் தந்த விளையாட்டு டெட்ரிஸ். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. விழும் கட்டைகளை அடுக்குவதற்கு வண்ணமே தேவையில்லை. சிறுவனும் ஆடலாம், பாட்டியும் ஆடலாம். 1996-ல் போகிமான் விளையாட்டு வந்தபோது, இரண்டு கேம் பாய்களை இணைக்கும் சாதாரணக் கேபிள் வழியே பிள்ளைகள் தங்கள் பிராணிகளை மாற்றிக்கொண்டார்கள்.

மலிவு மட்டுமே வெற்றி தராது என்பதற்கும் யோகோயின் வாழ்க்கையே சாட்சி. 1995-ல் அவர் செய்த வெர்ச்சுவல் பாயும் மலிவான சிவப்பு எல்இடியை நம்பியதுதான். முகத்தைப் புதைத்துப் பார்த்தவர்களுக்குக் கண் வலித்தது, தலை வலித்தது. ஒரு வருடத்துக்குள் அது கைவிடப்பட்டது. ஆடுகிறவரின் உடம்புக்கு ஒத்துவராத கருவியை எந்த விலையும் காப்பாற்றாது. 1997-ல் அவர் சாலை விபத்தில் இறந்தார்.

திரும்பத் திரும்ப அதே தீர்ப்பு

அவர் செய்யாத கருவிகளிலும் கதை மாறவில்லை. 1996-ல் வந்த நின்டெண்டோ 64, சோனியின் பிளேஸ்டேஷனைவிடப் பலமான சிப் கொண்டது. ஆனால் விலை கூடிய கார்ட்ரிட்ஜிலேயே நின்றது. கென் குதராகி உருவாக்கிய பிளேஸ்டேஷன், அச்சடிக்க மலிவான, பத்து மடங்குக்கும் மேல் கொள்ளளவு உள்ள சிடியை எடுத்துக்கொண்டது. விளையாட்டு செய்பவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அடுத்து வந்த பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸைவிடப் பலம் குறைந்தது. ஆனாலும் டிவிடியும் ஓடும் என்பதால் குடும்பமே ஏற்றுக்கொண்டது; 16 கோடி விற்று இன்றும் முதலிடத்தில் நிற்கிறது.

2006-ல் வந்த நின்டெண்டோ வீ, பிளேஸ்டேஷன் 3-க்கு முன்னால் பலவீனமான கருவி. கையை வீசினால் டென்னிஸ் ஆடலாம் என்ற ஒன்றால் 10 கோடியைத் தாண்டியது. கையடக்கக் கருவிகளில், சோனியின் பளபளப்பான பிஎஸ்பியை நின்டெண்டோவின் இரட்டைத் திரை டிஎஸ் 15.4 கோடி விற்று முந்தியது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச், டிவிக்கும் கைக்கும் ஒரே கருவி என்று இரு கிளைகளையும் ஒன்றாக்கி 15 கோடியைக் கடந்தது.

பலம் வீண் என்று நான் சொல்லவில்லை. முப்பரிமாண உலகில் மாரியோ ஓடுவதற்குப் பலமான சிப் தேவைப்பட்டது. ஆனால் பலம் ஒரு கருவி செய்யக்கூடியதைத்தான் சொல்லும். அது எத்தனை பேர் கைக்குப் போகும் என்பதைச் சொல்லாது.

இதை இன்று உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் கன்சோல் வந்து ஓரிரு வருடங்களில் விலை இறங்கும். காத்திருந்து வாங்குகிறவர்களும் இருந்தார்கள். இந்தத் தலைமுறையில் விலை ஏறுகிறது. இந்தியாவில் 2021-ல் 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, அடுத்த வருடமே 54,990 ஆனது. அந்தத் தொகையைப் பொழுதுபோக்குக்கு ஒதுக்கக்கூடிய வீடுகள் நம் நாட்டில் மிகக் குறைவு. அதனால் நம் பிள்ளைகள் ஃபோனில் ஆடுகிறார்கள். நடுநடுவே விளம்பரம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காசு கேட்கும் பொத்தான். விளையாடுவதற்கென்றே செய்த, ஒருமுறை வாங்கினால் சொந்தமாகிற நல்ல கருவி அவர்களுக்கும் வேண்டும். அதைச் செய்யத் தேவையான சிப்பும் திரையும் இன்று மலிந்து கிடக்கின்றன. யோகோயின் கணக்கைக் கையிலெடுக்க ஒரு நிறுவனம் துணிந்தால், அடுத்த தலைமுறையின் பெரிய சந்தை இங்கே காத்திருக்கிறது.