மூலிகைக்கும் பரீட்சை வேண்டும்

சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நோயைத் தீர்ப்பது. மற்றொன்று பட்டாசினுள் அடைக்கப்படுவது. பின்னது எத்தகைய கேட்டை விளைக்கவல்லது என்பதை 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் பல தொழிலாளரைப் பலிகொண்ட வெடிவிபத்து நாடறியக் காட்டிற்று. அம்மருந்துக்கு அளவுண்டு, சட்டமுண்டு, சோதனையுண்டு. வயிற்றினுள் செல்லும் மருந்து விஷயத்தில் மட்டும் நாம் அசட்டையாயிருத்தல் தகுமா?

அவ்வூர் அமைந்த கரிசற் பூமிக்கு உரிய பூண்டுகளுள் ஒன்று ஆடுதின்னாப்பாளை. ஆடும் வாய் வைக்காது என்பதைப் பெயரிலேயே பொறித்துவைத்த நம் முன்னோர், அதனைப் பூச்சிக்கும் விஷக்கடிக்கும் மருந்தாக வழங்கினர். அதில் அரிஸ்டொலோகிக் அமிலம் என்னும் பொருள் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காக மருந்துண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. இப்பூண்டின் இனத்தைச் சேர்ந்த சீனச் செடியொன்று வேறொரு மூலிகைக்குப் பதிலாக அதில் கலந்திருந்ததே காரணம். துன்புற்றோர் தொகை நூறுக்கு மேற்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், இவ்வினச் செடிகள் சேர்ந்த மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோயை விளைப்பவை என்று 2002-இல் தீர்மானித்தது.

இத்தகைய கேட்டை முன்னரே அறிய வழியுண்டு. கண்ணாடித் தட்டில் வளர்த்த மனிதச் சிறுநீரக உயிரணுக்களிலும் ஈரல் உயிரணுக்களிலும் மூலிகைச் சாற்றைப் பல அளவுகளில் சேர்க்கிறார்கள். பின்னர் மஞ்சள் நிற உப்பொன்றை இடுகிறார்கள். உயிருள்ள அணு அதை ஊதா நிறமாக்கும். ஊதா குன்றினால் அணுக்கள் மடிந்தன என்பது பொருள். ஆயினும் ஒருநாட் சோதனை போதாது. மேற்சொன்ன அமிலம் அணுவின் மரபுப்பொருளைப் பற்றிக்கொண்டு, ஆண்டுகள் கழித்துத் தீங்கிழைப்பது. ஆதலின் மரபுப்பொருளுக்கு ஊறு நேருகிறதா என்றும் பார்த்தல் வேண்டும். தட்டிலுள்ள அணு முழு மனிதனாகாது என்பது மெய்யே. எனினும் அது முதல் எச்சரிக்கை தரும் காவலாள்.

'பல தலைமுறை உண்ட மருந்துக்குப் பரீட்சை எதற்கு?' என்று சில அன்பர் கேட்கக்கூடும். உண்ட மறுநாளே வரும் வாந்தியை அனுபவம் காட்டிக்கொடுக்கும். பத்தாண்டுக்குப் பின் வரும் நோயை எவ்வாறு காட்டும்? பழைய நூல்களிற் கண்ட முறைப்படி, அவை சொன்ன நோய்க்கே ஆக்கப்படும் மருந்துக்குத் தனிப் பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை என்பது 2010-இல் சேர்ந்த விதி. நூலுக்குரிய மதிப்பை நாம் குறைக்கவில்லை. ஆனால் பிரஜைகளின் உயிருக்கு நூல் மட்டும் ஜாமீனாகாது.

தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சென்னையில் மத்திய ஆராய்ச்சிக் குழு இருக்கிறது. மூலிகை ஒவ்வொன்றையும் இவ்வாறு சோதித்து, கண்ட முடிவு நல்லதாயினும் தீயதாயினும் தமிழிலேயே வெளியிடுமாறு சர்க்கார் ஏற்பாடு செய்தல் வேண்டும். தேசாபிமானிகள் இதை வற்புறுத்தக் கடமைப்பட்டவர்கள். பொன்னை உரைகல்லில் தேய்ப்பது பொன்னுக்கு அவமானமன்று. நம் வைத்தியத்தைச் சோதிப்பதும் அதற்கு இழுக்கன்று.