காலடியில் கவனம்

பௌத்தத் துறவிகள் நடந்துகொண்டே செய்யும் தியானத்துக்குப் பாலி மொழியில் ‘சங்க்கம’ என்று பெயர். ஆறுகள் கூடும் சங்கமத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போவதும் திரும்புவதுமாக உலாவுவது என்றே பொருள். ஞானம் பெற்ற பின் மூன்றாவது வாரத்தைப் புத்தர் இப்படி நடந்தே கழித்தார் என்பது மரபு. புத்தகயாவில் மகாபோதி கோயிலின் வடபுறம், அவர் நடந்த இடத்தைக் காட்டும் மேடைமீது கல் தாமரைகள் செதுக்கப்பட்டுள்ளன.

தாய்லாந்தின் வடகிழக்கில் உள்ள காட்டு மடங்களில் துறவியின் குடிலை ஒட்டி இதற்கென்றே ஒரு மண்பாதை இருக்கும். ஒரு மரத்தடியில் தொடங்கி, இருபது முப்பது காலடிக்குள் இன்னொரு மரத்தடியில் முடிந்துவிடும். சருகைப் பெருக்கித் துப்புரவாக வைத்திருப்பார்கள். பாதை இவ்வளவு குட்டையாக இருப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: முனைக்கு வந்ததும் நின்று திரும்பியாக வேண்டும். ஊர்சுற்றப் போன மனம் அங்கே பிடிபட்டுவிடும்.

கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, சற்று முன்னே தரையைப் பார்த்தபடி நடக்க வேண்டும். பர்மாவின் மகாசி சயாதவ் (1904–1982) பரப்பிய முறையில், பாதத்தைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது என்று ஒரே அடி மூன்றாகப் பிரிகிறது. குதிகால் மண்ணைவிட்டுக் கிளம்புவதும், உடம்பின் பாரம் மறுகாலுக்கு மாறுவதும், வெறும் பாதத்தில் ஈர மண் குளிர்வதும் அப்போதுதான் புலப்படும். எங்கோ குயில் கூவினால், கேட்கிறது என்று குறித்துக்கொண்டு காலுக்குத் திரும்பிவிட வேண்டும். எந்தக் கிளையில் என்று அண்ணாந்து தேடினால் அது பறவை பார்ப்பது. நல்ல பொழுதுபோக்குதான், ஆனால் தியானமில்லை.

இந்நடைக்குப் பௌத்த நூலான அங்குத்தர நிகாயம் ஐந்து பலன் சொல்கிறது. நெடுவழிக்குத் தெம்பு, முயற்சிக்குத் திராணி, நோயின்மை, உண்டது செரித்தல் ஆகிய நான்கும் காலாற நடக்கும் எவரும் அறிந்தவை. ஐந்தாவதுதான் விசேஷம்: நடையில் கூடிய மன ஒருமை நெடுநேரம் நிலைக்கும். அசைவுக்கு நடுவிலேயே பழகியதால், அடுத்த அசைவில் அது சிதறுவதில்லை.

சிங்களத்தில் இந்த நடைத் தியானத்தைச் ‘சக்மன’ என்பார்கள். குருநாகல் மாவட்டத்து அரன்கலே வனமடத்தில், துறவிகள் இப்படி நடந்த பழைய கற்பாதையை மரநிழலில் இன்றும் காணலாம். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982இல் பிரான்சில் நிறுவிய பிளம் வில்லேஜ் மடத்தில் நடை வேறு மாதிரி. துறவிகளும் விருந்தினரும் கூட்டமாக, பேச்சில்லாமல், வெளியில் மெல்ல நடக்கிறார்கள். மூச்சை இழுக்கையில் இரண்டு மூன்று அடி, விடுகையில் மூன்று நான்கு. கணக்கை மூச்சின் போக்குக்கே விட்டுவிடுகிறார்கள்.