மணப்பெண்ணின் பெருக்கல் குறி

பேனா பிடித்துப் பழகாத கை. ஒரு கோடு மற்றதைவிட நீண்டு, முனையில் மை தேங்கியிருக்கிறது. இருபுறமும் அவள் பெயரை எழுதியவர் பாதிரியார். 1754 முதல் இங்கிலாந்தில் மணமக்கள் தேவாலயப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியிருந்தது. எழுதத் தெரியாதவர்கள் இப்படிக் குறியிட்டார்கள். ஏழைப் பெண் ஒருத்தி தன் கையால் விட்டுச்சென்ற தடயம் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

அவள் முன்னோரைத் தேடுவோர் பின்னோக்கி நடக்க வேண்டும். 1837 ஜூலையில் தொடங்கிய அரசுப் பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் இருக்கும். அடுத்த தலைமுறைக்குக் கதவு அந்த ஒரு சொல்தான். அதற்கும் முன்பு? 1538இல் அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டுத் தொடங்கிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். அவற்றில் தாயின் முதற்பெயர் கிடைத்தாலே அதிர்ஷ்டம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1841இல் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரி ஏட்டில் 30. ஊரார் துணியை வெளுத்துக் குடும்பம் காத்தவளுக்கும் தொழில் கட்டம் பல நேரம் வெற்றாகவே கிடக்கும். மணமான பெண் எத்தனை பிள்ளை பெற்றாள், எத்தனை பேரைப் பறிகொடுத்தாள் என்று 1911இல்தான் கேட்டார்கள்.

மீண்டும் அவள் குறியிட்ட திருமணப் பதிவேட்டுப் பக்கத்தின் வலக்கோடியைப் பாருங்கள்: மணமக்களுடைய தந்தையரின் பெயர், தொழில். தாய்க்குக் கட்டமே இல்லை. இங்கிலாந்தின் திருமணப் பதிவில் தாயின் பெயர் சேர்ந்தது 2021 மே மாதத்தில்.