கேம்பரில் இரவு முழுக்க ஏசி: மின்சாரம் எங்கிருந்து வருகிறது, புகை எங்கே போகிறது?

தீபாவளி முடிந்ததும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக்கிடக்கும். அடுத்து கார்த்திகை பிறந்தால் சபரிமலை சீசன். குற்றாலம், மூணாறு, பம்பை என்று வேன்கள் கிளம்புகிற காலம் அது. அதற்குள் கட்டிலும் கழிப்பறையும் வைத்த கேம்பர் வேன் தயாராக வேண்டும் என்றால் தீபாவளிக்கு முன்பே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும் என்கிறார்களாம் விற்பவர்கள். கொடுக்கலாமா, வேண்டாமா என்ற குழப்பம் வாசகர் கடிதங்களில் நிறைந்திருக்கிறது.

கட்டில் எத்தனை, கழிப்பறை எந்தப் பக்கம், விலை என்ன என்பதையெல்லாம் விற்பவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விற்பவர் ஒழுங்காகப் பதில் சொல்லாத கேள்வி ஒன்று உண்டு. "இரவு முழுக்க ஏசி ஓடுமா?" என்று கேட்டால் "ஓடும்" என்பார். எதனால் ஓடும் என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்கு கடினமானதல்ல. 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் இரண்டரை யூனிட் மின்சாரம் இருக்கும். பகல் முழுக்க வெயிலில் நின்று சூடேறிய வண்டியை ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி குளிரவைக்க, முதல் ஒரு மணி நேரத்துக்கே ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகும். பிறகு குறைந்தாலும், எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு நாலைந்து யூனிட் ஆகிவிடும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் பேட்டரியை முழுக்க வற்றவிடக்கூடாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பேட்டரி நள்ளிரவைத் தாண்டுவதே கஷ்டம். கூரையில் 400 வாட் சோலார் வைத்தாலும் நல்ல வெயில் நாளில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட்தான் கிடைக்கும். ஒரே பேட்டரியும் ஒரு சோலார் தகடும் காட்டி இரவு முழுக்க ஏசி ஓடும் என்று ஒருவர் உறுதி சொன்னால், வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். அங்கே ஜெனரேட்டர் இருக்கும்.

அந்த ஜெனரேட்டர் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். 2024 டிசம்பர் 23 அன்று கேரளத்தின் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் (கேம்பர் போன்ற வண்டிதான்) இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். காயம் இல்லை, தீ இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்தார்கள். ஜெனரேட்டர் கக்கிய கார்பன் மோனாக்சைடு தரைத்தளத்தின் துளை வழியாக உள்ளே ஏறியதும், இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு 957 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 957 பங்கு) ஆனதும் தெரியவந்தது. எட்டு மணி நேரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு சுமார் 9 பிபிஎம்.

இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் கேம்பர் வாங்கும் ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஓடும் வண்டியில் புகை பின்னால் போய்விடும். நிற்கும் வண்டியில், அதுவும் காற்று அசையாத இரவில், அது வண்டிக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கேம்பரின் தரையிலோ துளைகள் ஏராளம். ஒயர் போகும் வழி, தண்ணீர்க் குழாய், சிங்க் கழிவுநீர், கழிப்பறைத் தொட்டி, ஏசி நீர் சொட்டும் குழாய் என ஒவ்வொன்றுக்கும் துளை போட்டிருப்பார்கள். கழிப்பறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகும். போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல், கதவு எல்லாம் ரப்பர் வைத்து இறுக்கி மூடியிருக்கும்போது, அந்தக் காற்று தரைத் துளை வழியாகத்தான் வரும். நாற்றத்தை வெளியேற்ற வைத்த மின்விசிறியே விஷத்தை உள்ளே இழுக்கிறது. ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைத்துத் தருகிறது. உள்ளே வந்த வாயு அங்கேயே தங்கிவிடும்.

அளவையும் பாருங்கள். உள்ளே ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம் இருக்கும் வண்டியின் கொள்ளளவு 20,000 லிட்டர். கடையில் வாங்கும் ஒரு தண்ணீர் கேன் அளவு, அதாவது 20 லிட்டர் கார்பன் மோனாக்சைடு உள்ளே கலந்தால் 1,000 பிபிஎம் ஆகிவிடும். சிறிய பெட்ரோல் ஜெனரேட்டருக்கு அதைக் கக்கச் சில நிமிடங்கள் போதும்.

இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல் வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவார். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. வண்டிக்குள் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் காரணம் தேடாமல் உடனே வெளியே இறங்குங்கள்.

இனி, விற்பனைத் தாளில் இருக்கும் சொற்கள். 'சைலன்ட் ஜெனரேட்டர்' என்பது சத்தத்தைப் பற்றியது மட்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பான ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபெல் என்பதற்கும் உங்கள் மூச்சுக்கும் சம்பந்தமில்லை. சத்தம் குறையும்போது அது ஓடுவதே மறந்துபோகும் என்பதுதான் என் கவலை. 'ஏஆர்ஏஐ சான்று பெற்றது' என்றால், வாகனங்களைச் சோதிக்கும் அந்த நிறுவனத்தின் சோதனையில் ஒரு மாதிரி வண்டி ஒரு காலத்தில் தேறியது என்று பொருள். கேரவன்களுக்கான ஏஐஎஸ்-124 தரவிதி நல்ல விஷயம்தான். ஆனால் பிறகு ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஜெனரேட்டருக்காகத் தரையில் போட்ட ஓட்டையை அந்தச் சான்று பார்த்ததே இல்லை. ஒவ்வொரு பட்டாசு விபத்துக்குப் பிறகும் 'அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து', 'உள்குத்தகை' என்ற சொற்களைப் படித்துப் பழகிய மாவட்டம் இது. சுவரில் மாட்டிய உரிமத்துக்கும் அறைக்குள் நடக்கும் வேலைக்கும் உள்ள தூரத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரசுகளின் கேரவன் சுற்றுலா அறிவிப்புகளையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். கேரளம் 2021-ல் அதற்கென்று கொள்கை கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு வாகமணில் கேரவன் பார்க் திறந்தது. பார்க்கில் நின்றால் பிளக்கைச் சொருகி மின்சாரம் எடுக்கலாம், ஜெனரேட்டர் தேவையில்லை. வடகரை வண்டி நின்றதோ சாலையோரத்தில். நம் வண்டிகளும் சாத்தூரைத் தாண்டி நான்குவழிச் சாலை ஓரத்திலோ, இருக்கன்குடி கோயில் அருகே திடலிலோதான் நிற்கப்போகின்றன. பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் இரவைக் கழிப்பவரைப் பற்றி யோசிக்காத கொள்கை பாதிக் கொள்கைதான்.

ஆகவே என் பரிந்துரை இது. உள்ளே தூங்கும்போது ஜெனரேட்டரும் ஓடக்கூடாது, எஞ்சினும் ஓடக்கூடாது. ஏசி வேண்டும் என்றால் வீணாவது போக ஐந்து யூனிட்டுக்குக் குறையாமல் தரும் பேட்டரி வையுங்கள், அல்லது லாட்ஜிலோ மண்டபத்திலோ 16 ஆம்பியர் பிளக்குக்குப் பணம் கொடுத்து நிறுத்துங்கள். அது முடியாதென்றால் ஜன்னலைத் திறந்து, கொசுவலை கட்டி, 12 வோல்ட் மின்விசிறியில் தூங்குங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும். இத்தகைய வண்டிகளுக்கென்று உள்ள தரம் ஈஎன் 50291-2, அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்ட வேண்டும். புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

பழைய டெம்போ டிராவலரை நாமே கேம்பராக மாற்றலாமா? ஆர்டிஓ அனுமதி இல்லாமல் கூடாது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மஞ்சள் போர்டு வேண்டுமா? சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை மத்திய அரசின் 2004 அறிவிக்கை போக்குவரத்து அல்லாத வாகனப் பட்டியலில் வைத்திருக்கிறது. வாடகைக்கு விட்டால் கதை வேறு.

கார் லைசென்ஸ் போதுமா? மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் போதும்.

வீட்டு சிலிண்டரை வைத்துச் சமைக்கலாமா? கூடாது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதற்கான அலாரத்தைத் தரையருகே மாட்ட வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்புக்கு ஒரு வேளைக்கு அரை முதல் ஒரு யூனிட் ஆகும்.

ஓடும்போது எஞ்சினிலிருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யலாமா? செய்யலாம், ஆனால் இடையில் டிசி-டிசி சார்ஜர் இருக்க வேண்டும். நேரடியாக இணைத்தால் லித்தியம் பேட்டரி கரண்டை அப்படியே உறிஞ்சி ஆல்டர்னேட்டரைச் சுட்டுவிடும்.

ரயிலில் பட்டாசு கொண்டுபோக முடியாது, கேம்பரில் ஏற்றி வரலாமா? அடுப்பும் இன்வெர்ட்டரும் தூங்கும் குழந்தைகளும் இருக்கும் வண்டியில் ஒரு பெட்டி பட்டாசுகூட வேண்டாம். ஆலை, குடோன் பக்கம் இரவு நிறுத்தவும் வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் என்ன கேட்பது? ஜெனரேட்டரை ஓடவிட்டு, கதவு ஜன்னலை மூடி, கழிப்பறை ஃபேனைப் போட்டு, ஆள் இல்லாத வண்டிக்குள் அலாரத்தை மட்டும் இரண்டு மணி நேரம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புகை உள்ளே வந்தால் அலாரச் சத்தம் வெளியிலிருந்தே காதில் விழும்.