எந்த வலை, யாருடைய வலை?
'ஃபைண்டிங் நீமோ'வைப் பழவேற்காட்டிலிருந்து வாசித்தல்

'ஃபைண்டிங் நீமோ' 2003இல் வந்த பிக்சார் நிறுவனத்து அனிமேஷன் படம். ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கியது, ஆஸ்கார் விருதும் வாங்கியது. குழந்தைகள் படம், குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கிற படம் என்று நம்மவர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் யாருக்காகக் கண்ணீர் விடுவது, யாரை மறந்துவிடுவது என்கிற பாடம் சத்தமில்லாமல் நடத்தப்படுவது இந்த மாதிரி வெகுசனப் பிரதிகளுக்குள்தான். மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களின் பக்கம் நின்று இதை வாசித்தால் ரசிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்காமல் பேசிப் பார்க்கலாம்.

கதை சின்னது. சீலா மீனிடம் மனைவியையும் முட்டைகளையும் பறிகொடுத்த கோமாளிமீன் மார்லின். மிஞ்சிய ஒரே பிள்ளை நீமோ. சிட்னி நகரப் பல் மருத்துவர் ஒருவர் அவனைப் பிடித்துக் கண்ணாடித் தொட்டிக்குள் விடுகிறார். அப்பன் கடலெல்லாம் தேடிப் போகிறான்.

ரசிப்பு உச்சத்துக்குப் போவது கடைசிப் பகுதியில். பெரிய படகொன்றின் வலைக்குள் மீன்கூட்டம் மாட்டிக்கொள்கிறது. நீமோ சொல்லிக்கொடுக்க, எல்லா மீனும் ஒரே மூச்சாகக் கீழ்நோக்கி நீந்துகின்றன. பாரம் தாங்காமல் வலை அறுந்து கடலடியில் விழுகிறது. தனித்தனியாகத் துடித்தால் சாவு, ஒரே திசையில் இழுத்தால் விடுதலை. சங்கம் கட்டுவது ஏன் என்று இவ்வளவு எளிமையாகச் சொன்ன காட்சி நம்ம முற்போக்குப் படங்களிலேயே அபூர்வம்.

எரிச்சலும் அங்கேயேதான். குப்பத்துப் பிள்ளை இந்த இடத்தில் எதற்காகக் கைதட்டுவாள்? தன் அப்பனுக்குச் சோறு போடுகிற பொருள் அறுவதற்காகவா? வலையின் மறுமுனையில் இருப்பவருக்குப் பேரில்லை, கதையில்லை, பசியில்லை. மீனுக்குக் குடும்பம் உண்டு, மீன்பிடிக்கிறவருக்குக் கிடையாது. மீனுக்குக் கொடுத்த குடும்பமும் நம்மிடமிருந்து எடுத்து மாட்டியதுதான். கோமாளிமீன்களில் பெண்மீன் இறந்தால் அதன் இணையான ஆண்மீன் பெண்ணாக மாறும். இயற்கையின்படி மார்லின் அம்மாவாகியிருக்க வேண்டும். 'குடும்பப் படம்' அதைத் தாங்காது.

ஆனால் வலையை எதிர்ப்பது மீனவருக்குப் புதுசில்லை. விசைப்படகுகளின் இழுவலை கடலடியையே வாரிக்கொண்டு போவதைக் கண்டு தமிழகக் கரையோரச் சிறுதொழில் மீனவர்கள் 1970களில் மோதினார்கள். 1983இன் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று சொல்ல வேண்டிவந்தது. 'எந்த வலை, யாருடைய வலை?' என்கிற கேள்வியை அவர்கள் எப்பவோ கேட்டுவிட்டார்கள். படம் கேட்கவில்லை. அதற்கு எல்லா வலையும் ஒரே வலை.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த ஊர், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. இதைப் புனிதமாக்கவும் வேண்டாம். பாட்டு உரிமை சாதியோடும் ஊரோடும் கட்டப்பட்டது. வாயில் பறியைக் கவ்விக்கொண்டு சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் அந்த வட்டத்துக்கு வெளியே. ஆனாலும் பிடிப்பதற்கு ஓர் அளவு உண்டு என்கிற அறிவு இந்த ஏரிக்கரையில் வலையோடேயே இருந்திருக்கிறது.

பல் மருத்துவரைக் கவனியுங்கள். நீமோவைத் திருடியதாக அவர் நினைக்கவில்லை, காப்பாற்றியதாகவே நினைக்கிறார். படத்தின் கூர்மையான அரசியல் இதுதான் என்பேன். பழவேற்காட்டு ஏரியின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமானது. பறவையைக் காப்பாற்றுவது நியாயம். ஆனால் காப்பாற்றுகிறவர் கண்ணுக்கு ஏரியில் நிற்கிற மனிதர் முதலில் ஆக்கிரமிப்பாளராகத்தான் படுகிறார். அதே கரையில் தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகமே வந்து நிற்கிறது.

நீமோ தப்பிப்பது சாக்கடைக் குழாய் வழியாக. சிட்னிக் குழாய் அவனை உயிரோடு கடலில் சேர்க்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய் கசிந்து சேற்றோடு சேற்றாய்ப் படிந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த நகைச்சுவை தொண்டையில் நிற்கும். வலையை எதிரியாக்கிய படம் குழாயை விடுதலை வழியாக்கிவிடுகிறது. இங்கே மீனுக்கும் மீனவருக்கும் பொது எதிரி அந்தக் குழாய்.

படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது என்று சொல்ல வரவில்லை. காட்டுங்க, சேர்ந்து சிரிங்க. முடிந்த பிறகு "அந்த வலையை இழுத்தது யாரு, அந்தப் படகு யாரோடது?"ன்னு கேளுங்க. பதில் குப்பத்துப் பிள்ளைகளிடம் இருக்கும்.