மெலனோமாவும் காவற்கணுவும்

தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் மெலனோமா, தோற்புற்று வகைகளில் அரிதானதே என்றாலும், பிற உறுப்புகளுக்கு விரைந்து பரவும் இயல்பால் தோற்புற்று மரணங்களில் பெரும்பகுதிக்குக் காரணமாகிறது. இந்நோயின் தீவிரத்தைக் கணிக்க, கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்று அளக்கும் முறையை 1970-இல் அமெரிக்க நோயியல் வல்லுநர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ வகுத்தார். ஆயினும் ஒரே ஆழமுள்ள கட்டி கொண்ட இருவரில் ஒருவர் நெடுங்காலம் வாழ, மற்றவர் சில ஆண்டுகளில் இறப்பது ஏன் என்பதற்கு ஆழம் மட்டுமே விடையாகவில்லை.

விடையின் பெரும்பகுதி நிணநீர்க் கணுக்களில், அதாவது திசுக்களிலிருந்து வடியும் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகளில், புற்று பரவியுள்ளதா என்பதில் இருந்தது. அதனால் அக்குளிலோ கவட்டியிலோ உள்ள கணுக்களை முன்னெச்சரிக்கையாக மொத்தமாக அகற்றுவது முன்பு வழக்கமாயிருந்தது. அவ்வாறு அகற்றப்பட்டவர்களுள் பெரும்பாலோரின் கணுக்களில் புற்றே இருக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த அறுவை மருத்துவர் டொனால்ட் மோர்டனும் அவர் குழுவினரும் 1992-இல் வெளியிட்ட முறை இதை மாற்றியது. கட்டி இருந்த இடத்தைச் சுற்றி நீலச் சாயத்தைச் செலுத்தினால், அவ்விடத்து நிணநீர் முதலில் சென்று சேரும் கணு நீலமாகும். காவற்கணு எனப்படும் அதை மட்டும் எடுத்து, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் ஆராய்ந்தால் போதும். பின்னர் கதிரியக்க டெக்னீசியமும் சாயத்தோடு சேர்ந்து, கணுவைக் கண்டறிவதை மேலும் துல்லியமாக்கியது.

மோர்டன் தலைமையில் 1994-இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வின் இறுதி அறிக்கை, அவர் மறைந்த அடுத்த மாதமாகிய 2014 பிப்ரவரியில் வெளியானது. 1.2 முதல் 3.5 மில்லிமீட்டர் வரை ஆழமுள்ள கட்டியுடையோருள், காவற்கணுவில் புற்று இல்லாதவர்களில் 85.1 விழுக்காட்டினர் பத்தாண்டுகளுக்குள் மெலனோமாவால் இறக்கவில்லை. புற்று இருந்தவர்களில் அந்த அளவு 62.1 விழுக்காடே. எனினும் பரிசோதனை செய்துகொண்டோரையும் கண்காணிப்பில் மட்டும் இருந்தோரையும் மொத்தமாக ஒப்பிட்டபோது, மெலனோமா மரணங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பரிசோதனையின் மதிப்பு குணப்படுத்துவதில் அன்று, நோயாளி எந்நிலையில் நிற்கிறார் என்று அறிவிப்பதில்தான் இருக்கிறது. அந்த அறிவையே பயனற்றது என்று தள்ளுவது சரியன்று.

ஏனெனில் அவ்வறிவு சிகிச்சையை மாற்றியது. காவற்கணுவில் புற்று கண்டவர்களுக்கு மீதிக் கணுக்களை உடனே அகற்றுவதையும் அல்ட்ராசவுண்ட் வழியே கண்காணிப்பதையும் ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வில், மூன்றாண்டு முடிவில் இரு பிரிவிலும் 86 விழுக்காட்டினர் மெலனோமாவுக்குப் பலியாகவில்லை. ஆனால் கை அல்லது கால் வீங்கும் நிணநீர் வீக்கம் அகற்றப்பட்டோரில் 24.1 விழுக்காட்டினருக்கும் மற்றோரில் 6.3 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டது. பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் கணுவில் புற்று பரவியவர்களுக்கு நோய் மீளும் வாய்ப்பைக் குறைக்கின்றன என்று நிறுவப்பட்டபின், யாருக்கு அவற்றைத் தருவது என்று முடிவெடுப்பதிலும் இப்பரிசோதனை கைகொடுக்கிறது.

இதற்கு வரம்பும் உண்டு: புற்று இல்லை என்ற முடிவு வந்த சிலருக்கு அதே கணுத்தொகுதியில் பின்னர் நோய் தலைகாட்டுவதுண்டு. மேலும் இது, கணு கைக்குத் தட்டுப்படும்படி வீங்காத நிலையில் வருவோருக்கே உரியது. நம்மைப் போன்ற கருநிறத் தோலினருக்கு மெலனோமா பெரிதும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றி, கவனிக்கப்படாமல் முற்றிய பிறகே தெரியவருவதால், அவ்விடங்களில் புதிதாகத் தோன்றும் அல்லது படரும் கரும்புள்ளியையும் ஆறாத புண்ணையும் தாமதமின்றித் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.